சாண்டோரினியின் அர்கிரோஸ் தோட்டம்: 200 வயதுக் கொடி, கூடைக் கவாத்து, களி இல்லாத மண்

#1 கரிசல்காட்டான்

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில், எபிஸ்கோபி கோனியா ஊரில் இருக்கும் அர்கிரோஸ் ஒயின் தோட்டம் பற்றிச் சில சந்தேகங்கள். 1903-ல் கெயோர்கியோஸ் அர்கிரோஸ் தொடங்கியது. இப்போது நான்காம் தலைமுறை நடத்துகிறது. சுமார் 120 ஹெக்டேர், பெரும்பகுதி அசிர்ட்டிகோ என்கிற வெள்ளைத் திராட்சை. அதில் சில கொடிகளுக்கு 200 வயது, அதுவும் சொந்த வேரில் நிற்கின்றன என்கிறார்கள்.

ஃபைலோக்ஸெரா பூச்சி 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சையை வேரோடு தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு அங்கே பெரும்பாலும் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். இந்தத் தீவு மட்டும் எப்படித் தப்பியது? கோடையில் மழையே பெய்யாத இடத்தில் பாசனம் இல்லாமல் கொடி எப்படி நிற்கிறது? கொடியைக் கூடை மாதிரி முடைந்து வளர்க்கும் அந்தக் கூடைக் கவாத்து காற்றுக்காக மட்டும்தானா? 200 வயது என்பதை எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்?

#2 நுரைக்கல்

மண்ணைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கி.மு. 1600-ஐ ஒட்டி வெடித்த எரிமலை, தீவின் நடுப்பகுதியைக் கடலுக்குள் இறக்கிவிட்டது. மிஞ்சிய நிலத்தின் மேல் சாம்பல், நுரைக்கல், எரிமலைக்கல் துண்டு எல்லாம் சேர்ந்து பல மீட்டர் கனத்துக்குப் படிந்தன. உள்ளூர்க்காரர்கள் இதை ஆஸ்பா என்கிறார்கள். வெளிறிய நிறம், கையில் அள்ளினால் கனமே இருக்காது. களி மிகமிகக் குறைவு, மக்கு கிட்டத்தட்ட இல்லை, பொட்டாசியமும் குறைவு. (இதே மண்ணைச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் காரை கிடைக்கும். சூயஸ் கால்வாய் வேலைக்கு இங்கிருந்துதான் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனார்கள்.)

ஃபைலோக்ஸெரா ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்குப் பெரும்பாலும் மண் வெடிப்பு வழியாகத்தான் நகர்கிறது. களி காய்ந்தால் வெடிக்கும், பூச்சிக்குப் பாதை திறக்கும். ஆஸ்பா வெடிக்காது, சரியும். பாதை தானாக மூடிக்கொள்ளும். போர்ச்சுகல்லில் கொலாரெஸ் கடற்கரை மணலில் நிற்கும் ஒட்டுக்கட்டாத கொடிகள் தப்பியதும் இதே காரணத்தால்தான். தீவு தனியாகக் கிடந்ததால் பூச்சி வரவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. எத்தனையோ தீவுகளுக்குப் பூச்சி போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கே காப்பாற்றியது மண்.

#3 கவாத்துக்கத்தி

200 வயது என்பது வேரின் வயது. மேலே தெரியும் கூடைக்கு அந்த வயது இல்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் எல்லோருக்கும் குழப்பம்.

கூடையை உள்ளூரில் கூலூரா என்பார்கள். முதல் இரண்டு, மூன்று வருடம் கொடியை அடியோடு ஒட்டக் கவாத்து செய்து, தூரைத் தடிக்க விடுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும், ஜனவரியிலிருந்து மொட்டு உடைவதற்கு முன்னால் செய்யும் வேலை இது:

போன வருடத் தளிர்களில் விரல் கனமும் முற்றிய மரமும் உள்ள சிலவற்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை எல்லாம் கழிக்க வேண்டும். எத்தனை நிறுத்துவது என்பதைக் கொடியின் வலுவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நோஞ்சான் கொடியில் பேராசைப்பட்டால் அடுத்த வருடம் முடைவதற்கே கொடி இருக்காது. நிறுத்திய கொடிகளைப் பழைய வளையத்தின் மேல் ஒரே திசையில் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்று செருகி முடைய வேண்டும். கயிறு வேண்டாம், கம்பி வேண்டாம். இலை வெளியிலும் மேலேயும் கவிழ்ந்து நிற்கும், குலை கூடைக்குள் தொங்கும்.

தவறு நடக்கும் இடங்கள்: காய்ந்த காற்று வீசும் நாளில் முடைந்தால் கொடி முறியும், காற்றில் ஈரம் உள்ள நாளில் வளைந்து கொடுக்கும். ஒரேயடியாக மடக்கக் கூடாது, இரண்டு கையாலும் லேசாக முறுக்கிக்கொண்டே வளைக்க வேண்டும். கூடையின் அடி வளையம் மிகவும் தாழ்ந்துபோனால் குலை தரையில் உரசும். நண்பகல் மண் சூட்டில் தோல் வெந்துவிடும்.

இப்போது வயதுக் கணக்கு. வருடத்துக்கு ஒரு சுற்று கூடுகிறது. பல பத்தாண்டு போனால் வேரிலிருந்து மேலே வரும் சாறு, வெட்டுக்காயம் நிறைந்த பழைய மரத்தில் மீட்டர் கணக்கில் சுற்றிச்சுற்றித்தான் மொட்டுக்குப் போக வேண்டும். விளைச்சல் இறங்கும். அப்போது முழுக் கூடையையும் அடியில் வெட்டி எறிவார்கள். தூரில் உறங்கிக் கிடக்கும் மொட்டு முளைத்து வரும், அதிலிருந்து புதுக் கூடை. பெரியவர்கள் கணக்கில் இது 75 முதல் 100 வருடத்துக்கு ஒருமுறை. ஆக 200 வயதுக் கொடி என்றால் இரண்டு கூடையாவது கழித்த வேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#4 பனித்துளி

தண்ணீர்க் கேள்விக்கு விடை சுலபம். ராத்திரி கடலிலிருந்து ஏறும் ஈரத்தை நுரைக்கல் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு பகலில் வேருக்குக் கொடுக்கிறது. கொடி பனியைக் குடித்தே வாழ்கிறது.

#5 நுரைக்கல்

பனித்துளி சார், சுற்றுலாக் கையேடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது. பாதி சரி. ராத்திரி ஈரம் நனைப்பது மேல்மண்ணைத்தான், வேர் தண்ணீர் குடிப்பது அதற்கு எவ்வளவோ கீழே. பனியால் பெரிய லாபம் வேறு வழியில் வருகிறது. காலையில் இலை ஈரமாக, காற்று ஈரமாக இருக்கும் அந்தச் சில மணி நேரம் கொடி தண்ணீரை இழக்காமல் இருக்கிறது. அது வரவு அல்ல, செலவில் மிச்சம்.

உண்மையான வரவு குளிர்கால மழை. வருடத்துக்குச் சுமார் 350 மில்லிமீட்டர், அநேகமாக எல்லாம் அக்டோபர் முதல் மார்ச்சுக்குள். 350 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 350 லிட்டர். ஹெக்டேருக்கு 2,000 கொடி நட்டால் கொடிக்கு 5 சதுர மீட்டர், அதாவது வருடத்துக்கு 1,750 லிட்டர். ஆவியாவது போக மிஞ்சுவது ஆழ நுரைக்கல்லின் துளைகளில் தங்கும். ஆகஸ்டு அறுவடை வரை கொடிக்கு அதுதான் சோறு.

அதனால் உழவும் மேலாகத்தான். வசந்தத்தில் களை அகற்றி, மேல் மண்ணைப் பொடியாக்கி விட்டால் கீழே இருக்கும் ஈரம் மேலேறி ஆவியாகாது. களையை மே வரை விட்டுவைத்தால் கொடியின் பங்கை அது குடித்துவிடும். கூடை தாழ்வாக இருப்பதாலும், நிலம் பெசூலெஸ் என்கிற கல்லடுக்குப் படிகளாக இருப்பதாலும் பல இடங்களில் டிராக்டர் நுழையாது. கோவேறு கழுதை அல்லது மண்வெட்டி.

#6 கரிசல்காட்டான்

விளங்கியது. அப்படியானால் ஒரு கொடிக்கு எவ்வளவு காய்க்கும்?

#7 நுரைக்கல்

சுமாரான வருடத்தில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 டன். கொடிக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. மழை பொய்த்த வருடத்தில் ஹெக்டேருக்கு ஒரு டன்கூடத் தேறாது. 2023, 2024 இரண்டும் மோசம்.

#8 கம்பிவேலி

இவ்வளவு குறைவாக விளையும்போது கூடையைக் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பி இழுத்து வரிசையில் ஏற்றினால் கவாத்து நேரம் பாதியாகும், குனிந்தே முதுகு ஒடிய வேண்டாம், வரிசைக்குள் வண்டி போகும், விளைச்சலும் கூடும். தீவிலேயே சமநிலத்தில் சிலர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கூடை முடையத் தெரிந்த கைகள் வருடா வருடம் குறைகின்றன. கோடையில் ஓட்டல் வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலி, திராட்சைக் காட்டில் கிடைக்காது. எதார்த்தத்தைப் பேசுவோமே.

#9 கவாத்துக்கத்தி

கூலிப் பிரச்சினை உண்மை, அதில் சண்டை இல்லை. ஆனால் "விளைச்சலும் கூடும்" என்பதோடு நிறுத்தாதீர்கள் கம்பிவேலி. எந்தத் தண்ணீரில் கூடும்? கம்பியில் ஏற்றினால் இலைப்பரப்பு காற்றுக்கும் வெயிலுக்கும் விரிந்து கிடக்கும், கொடியின் தண்ணீர்ச் செலவு ஏறும். 1,750 லிட்டருக்கு மேல் வரவு கிடையாது. சொட்டு நீர் போடலாம் என்பீர்கள். கிணற்று நீர் உவர்ப்பு. தீவின் குடிநீரே கடல்நீரைச் சுத்திகரித்து வருவதுதான்.

இரண்டாவது, காற்று. மெல்டேமி என்கிற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் பேர்பெற்றது. ஆனால் அதிகச் சேதம் வசந்தக் காற்றால். ஏப்ரலில் ஒரு சாண் தளிர் இருக்கும்போது அடித்தால் அடியோடு ஒடியும். மே மாதப் பூப்பில் அடித்தால் நுரைக்கல் பொடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி பூவை உரசிவிடும், பிஞ்சு பிடிக்காது. கூடைக்குள் இருக்கும் குலைக்கு இரண்டு தொல்லையும் குறைவு. மூன்றாவது வெயில்: ஆகஸ்டில் திறந்த குலையின் மேற்குப் பக்கம் வெந்து பழுப்பாகும்.

காற்று மறைவான, மண் ஆழமான சமநிலத்தில் கம்பி போடுவதை நான் எதிர்க்க மாட்டேன். மேட்டுப் படியில் போட்டால் இரண்டே வருடத்தில் வருத்தப்படுவீர்கள்.

#10 கம்பிவேலி

> மேட்டுப் படியில் போட்டால்

அதை ஒத்துக்கொள்கிறேன். சமநிலத்தைத்தான் சொன்னேன். ஆனால் உங்கள் கூடையில் ஒரு குறையை நீங்கள் சொல்லவில்லை: உள்ளே காற்றோட்டம் கம்மி. சாம்பல் நோய்க்குக் கந்தகப் பொடி தூவினால் இலைக்கூரை தாண்டி உள்ளே போகாது. தூவும்போது கையால் இலையை விலக்க வேண்டும். குலைப்புழு உள்ளே முட்டையிட்டால் அறுவடை நாள் வரைக்கும் கண்ணில் படாது.

#11 கவாத்துக்கத்தி

சரிதான். வறண்ட காற்று இருப்பதால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் அபூர்வம் என்பது ஒரு ஆறுதல். சாம்பல் நோய்க்குத் தளிர் சின்னதாக இருக்கும்போதே முதல் தூவலை முடித்துவிட வேண்டும், கூரை மூடிய பிறகு தூவுவது பாதி வீண்.

#12 கரிசல்காட்டான்

ஒரு கொடி செத்துப்போனால் அந்த இடத்தில் நாற்று வாங்கி நடுவார்களா?

#13 கவாத்துக்கத்தி

நடலாம், ஆனால் வறண்ட ஆஸ்பாவில் இளநாற்று முதல் கோடையைத் தாண்டுவது பெரும்பாடு. பழைய முறை பதியம். கிரேக்கத்தில் கடவோலாடா என்பார்கள்.

பக்கத்துக் கொடியின் நீண்ட தளிர் ஒன்றை வெட்டாமல் விட்டு, குளிர்காலத்தில் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி இழுத்து அதில் படுக்கவைத்து, நுனியை மட்டும் காலி இடத்தில் இரண்டு மொட்டு தெரிய வெளியே விட வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதியின் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அவை தாறுமாறாக முளைக்கும். மேலாகப் புதைத்தால் முதல் ஜூலையிலேயே வேர் காய்ந்துவிடும். புதுக் கொடி தன் வேரில் நிற்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை தாய்தான் பால் கொடுக்கும். அவசரப்பட்டு ஒரே வருடத்தில் தொப்புள்கொடியை அறுத்தால் போயிற்று.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, நிறையப் பேர் யோசிப்பதில்லை. கொடிக்குக் கொடி இடைவெளி 2 மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் மண்ணுக்குள் போய் எட்டிப்பார்க்க இரண்டரை, மூன்று மீட்டர்த் தளிர் வேண்டும். இந்த மண்ணில் அப்படி வளர்வதே அரிது. ஆகவே பதியத்துக்கான தளிரை முந்தின வருடமே குறித்து, அந்தக் கொடியில் காய்ப்பைக் குறைத்து, தளிருக்கு வலு சேர்க்க வேண்டும்.

ஒட்டுக்கட்டிய தோட்டத்தில் இந்த வித்தையைச் செய்ய முடியாது. பதியத்தில் வருவது மேல்ரகத்தின் சொந்த வேர், பூச்சி அதைத் தின்றுவிடும். களி இல்லாத மண், அதனால் சொந்த வேர், அதனால் பதியம், அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அதே கொடிகள். எனக்கு இந்தத் தோட்டத்தின் ரகசியம் இதுதான், மற்றதெல்லாம் அலங்காரம். கெட்டதும் அதே வழியில்தான் கடக்கும்: தாயிடம் இலைச்சுருள் வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் நிச்சயம். இலையுதிர் காலத்தில் இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருளும் கொடியில் பதியம் எடுக்கவே கூடாது. அசிர்ட்டிகோ வெள்ளை ரகம் என்பதால் இலை சிவக்காது, மங்கிய மஞ்சள்தான். அசந்தால் தவறிவிடும்.

#14 புளிப்புமானி

எல்லோரும் தூரையே சுற்றிவருகிறீர்கள், கொஞ்சம் பழத்துக்கு வருவோம். இவ்வளவு வெயிலில் பழுத்த திராட்சை சப்பென்று இருக்க வேண்டும். அசிர்ட்டிகோ 13.5, 14 சதவீத ஆல்கஹால் அளவுக்குப் பழுத்தும் காரகாடி எண் (pH, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3-ஐ ஒட்டியே நிற்கும், சில வருடம் அதற்கும் கீழே. காரணம் இரண்டு.

திராட்சையில் மாலிக், டார்டாரிக் என்று இரண்டு முக்கிய அமிலம். வெயிலில் பழம் சுவாசிக்கும்போது எரிந்துபோவது மாலிக். டார்டாரிக் அவ்வளவு சீக்கிரம் அசையாது. அசிர்ட்டிகோவின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக். இது ரகத்தின் குணம்.

அடுத்தது மண்ணின் குணம். பழத்தில் பொட்டாசியம் ஏறினால் அது டார்டாரிக்கோடு சேர்ந்து உப்பாகப் படியும், புளிப்பு மழுங்கும். நுரைக்கல் சார் சொன்ன பொட்டாசியக் குறைவு இங்கேதான் வேலை செய்கிறது. அதனால் இந்த மண்ணில் விளைச்சலைக் கூட்டுகிறேன் என்று பொட்டாஷ் உரம் கொட்டுபவர் ஒயினின் முதுகெலும்பையே கரைக்கிறார். இலைப் பரிசோதனை செய்து, உண்மையிலேயே பற்றாக்குறை என்றால் மட்டும் அளவாகப் போடலாம்.

ஒயின் செய்யும் இடத்தில் ஒரு எச்சரிக்கை: அசிர்ட்டிகோச் சாறு காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். விடியற்காலையில் பறித்து, சின்னக் கூடைகளில் நசுங்காமல் கொண்டுவந்து, குளிரவைத்து, முழுக்குலையாக மெதுவாக அழுத்த வேண்டும். கடைசி அழுத்தத்தில் வரும் சாறு கசக்கும், அதைத் தனியாக வைப்பதே நல்லது.

#15 உப்புக்காற்று

இந்த ஒயினில் உப்புக் கரிப்பு தெரிகிறதே, அது எரிமலை மண்ணின் தாதுதானே? டெர்வார் (விளையும் இடம் ஒயினுக்குத் தரும் தனிக்குணம்) என்பதே அதுதானே?

#16 புளிப்புமானி

கல்லின் ருசி வேர் வழியாகக் கோப்பைக்கு வருவதில்லை. வேர் உறிஞ்சுவது கரைந்த அயனிகளை, அதுவும் நாக்குக்குத் தெரியாத அளவில். நமக்குக் கரிப்பாகப் படுவதில் பெரும்பங்கு அந்தத் தாழ்ந்த காரகாடி எண்ணும், பழவாசனை அடங்கி நிற்பதும்தான். கடல் சாரல் தோலில் படிவதும் கொஞ்சம் சேரலாம், அதுவும் காற்றுமுகத்தில் இருக்கும் காட்டில்.

மண் ருசி தருவதில்லை என்றால் மண்ணால் பயன் இல்லை என்று ஆகாது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பொட்டாசியம், எந்த வேர் என்று மூன்றையும் தீர்மானிப்பது மண். டெர்வார் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் அவ்வளவுதான்.

#17 பனித்துளி

அர்கிரோஸ் என்றாலே வின்சாண்டோதான் என்பார்கள். யாருமே அதைத் தொடவில்லையே?

#18 புளிப்புமானி

வெயிலில் காயவைத்த இனிப்பு ஒயின். குறைந்தது 51 சதவீதம் அசிர்ட்டிகோ, கூடவே ஐதானி, அதிரி என்கிற ரகங்களும். ஐதானி வாசனைக்கு. நன்றாகப் பழுத்த குலைகளைத் திறந்த வெளியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஏறக்குறைய இரண்டு வாரம் காயவைப்பார்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். குலை மேல் குலை கிடந்தால் அடியில் பூசணம் பிடிக்கும். ராத்திரிப் பனி கனமாக இருந்தால் மூட வேண்டும். வெடித்த, அழுகிய மணியைப் பரப்புவதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும், ஒரு மணி பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுத்துவிடும்.

காய்ந்த பழத்தின் சாறு பாகு மாதிரி. அந்தச் சர்க்கரையில் ஈஸ்ட் திணறும், நொதித்தல் மாதக் கணக்கில் இழுத்துத் தானாக நின்றுவிடும். விதிப்படி ஓக் பீப்பாயில் இரண்டு வருடம் கட்டாயம். அர்கிரோஸ் 20 வருடம் வைத்தும் விற்கிறது. சர்க்கரை அவ்வளவு இருந்தும் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம், காயும்போது சர்க்கரையோடு புளிப்பும் சேர்ந்தே செறிவதுதான். புளிப்பு இல்லாத ரகத்தை இப்படிக் காயவைத்தால் வெறும் சர்க்கரைப்பாகுதான் மிஞ்சும்.

இத்தாலியின் டஸ்கனியிலும் ஏறக்குறைய இதே பெயரில் ஒன்று உண்டு. அது கூரைக்கு அடியில் நிழலில் மாதக் கணக்கில் உலர்த்தியது, ரகமும் வேறு.

#19 கம்பிவேலி

விலையையும் சொல்லிவிடுங்கள். திராட்சை விலை எகிறிவிட்டது. ஆனாலும் காடு சுருங்குகிறது, ஏனென்றால் அதே நிலத்தில் விடுதி கட்டினால் வருவதற்குத் திராட்சை எந்த விலையிலும் ஈடு கொடுக்காது. வெளியே பழம் வாங்கி ஒயின் செய்பவருக்கு இந்த விலை தூக்குக்கயிறு. சொந்த நிலம் வைத்திருக்கும் குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. அர்கிரோஸ் பலம் அங்கே.

#20 கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, கவாத்துக்கத்தி அண்ணா. பழைய கூடையை வெட்டிய பிறகு தூரில் மொட்டு முளைக்காமல் போனால்?

#21 கவாத்துக்கத்தி

நடப்பதுதான். முதலில், ஒரு வரிசை முழுக்க ஒரே வருடத்தில் வெட்டாதீர்கள். புதுக் கூடை காய்ப்புக்கு வர இரண்டு, மூன்று வருடம், அதுவரை வருமானம் இல்லை. பத்தில் ஒன்று என்று பிரித்து வெட்டுங்கள். வெட்டு மரத்தின் நடுவில் கருத்தோ பழுப்பேறியோ தெரிந்தால் பூஞ்சை இறங்கியிருக்கிறது, வெள்ளை மரம் வரும் வரை கீழே இறக்கி வெட்டுங்கள். மண்மட்டத்துக்குக் கீழே போக நேர்ந்தால் சுற்றி லேசாகப் பள்ளம் விட்டு வையுங்கள், மொட்டு மூச்சு முட்டாமல் வரும்.

ஜூன் வரை பார்க்கலாம். அதற்குள் வரவில்லை என்றால் இனி வராது. பக்கத்துக் கொடியில் அந்த வருடமே ஒரு தளிரைத் தேர்ந்து நீளவிட்டு, வரும் ஜனவரியில் பதியம் போடுங்கள். செத்த தூரைத் தோண்டி எடுத்த பிறகு போடுங்கள், அழுகிய மரத்தின் மேல் புது வேரை இறக்க வேண்டாம்.